தேயிலை மலையில் தாயும் மகளும்

விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் முன்னர் தோட்டத்து மக்கள் அருந்தும் ஒரு குவளைத் தேநீரில் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் கொழுந்து கலந்திருக்கக்கூடும். அக்கொழுந்தைச் சேகரித்த கைகளுள் தாய்மாரின் கைகளும் உண்டு. அத்தாய் மலைச் சரிவில் நிற்கும் நேரத்தில் அவளுடைய சிறுமகள் யார் பொறுப்பில் இருக்கின்றாள்? இவ்வினா தேயிலைத் தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று. பால்மரக் காட்டிற்கு வாளியும் உளியுமாகச் செல்லும் ஒவ்வொரு தாய்க்கும் உரியதாகும். ஆகவே, குளிர் மலையில் வாழும் தாய் ஒருத்தி தன் மகளை வளர்க்கும் முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம். அதன் வாயிலாக நம் இல்லங்களுக்குப் பயன்படும் சில உண்மைகளையும் அறிந்து கொள்வோம்.

மலையும் வேலையும்

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதிக்கு வந்து ஆய்வு செய்தார். அவர் பெயராலேயே அம்மலை இன்றும் வழங்குகின்றது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலைப் பயிரில் அனுபவம் பெற்றிருந்த ஏ.பி. மில்னுடன் சேர்ந்து, அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைக்குச் செல்லும் சாலை 1931-இல் திறக்கப்பெற்றது. காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலையை நட்ட தொழிலாளருள் தமிழ் மக்கள் பலர் இருந்தனர். சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தோட்டங்களிலும் லயங்கள் எழுந்தன; கோயில்கள் எழுந்தன; தமிழ்ப்பள்ளிகளும் தோன்றின.

தேயிலை இயற்கையில் ஒரு மரமாகும். அதனைக் கவ்வாத்துச் செய்து இடுப்பளவு உயரத்தில் நிறுத்துவதனாலேயே அது செடிபோல் காட்சியளிக்கின்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கிள்ளி முதுகுக் கூடையில் இடுவது பழைய முறை. இன்று கேமரன் மலையில் கத்தரி போன்ற கருவியாலும் இயந்திரத்தாலும் கொழுந்து வெட்டுவதே பெருவழக்காகிவிட்டது. ஏறத்தாழ மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஒரே இடத்திற்குத் திரும்பி வந்து கொழுந்து எடுக்கின்றனர். வெளிநாட்டுத் தொழிலாளர்களே இன்று சரிவுகளில் மிகுதியாக வேலை செய்கின்றனர். எனினும், பாட்டன் காலம் தொட்டு அம்மலையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கு உள்ளன. சிலர் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கின்றனர்; சிலர் காய்கறித் தோட்டங்களிலும் தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் ஆகிய பட்டணங்களிலும் வேலை பார்க்கின்றனர்.

வேலை எதுவாயினும் தாயின் கணக்கு ஒன்றுதான். அவள் வெளியே செல்லும் நேரத்தில் வீட்டில் ஓர் இடம் காலியாகின்றது. அந்த இடத்தை யார் நிரப்புகின்றார் என்பதைப் பொறுத்தே மகளின் வாழ்வு அமைகின்றது.

இரு தாய்மார், இரு வேளைகள்

பால்மரத்தைச் சீவும் தாய் இருள் பிரியும் முன்பே வீட்டை விட்டுப் புறப்படுகின்றாள். வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதே அதற்குக் காரணம். மகள் கண்விழிக்கும்போது அம்மா வீட்டில் இல்லை. தலை வாரிவிடவும் பசியாறக் கொடுக்கவும் வேறு ஒருவர் வேண்டும். ஆனால், பாலைச் சேர்த்து நிறுவைக்குக் கொடுத்த பின்னர், மகள் பள்ளியிலிருந்து திரும்பும் வேளைக்குத் தாயும் பெரும்பாலும் வீடு வந்து சேர்ந்து விடுகின்றாள்.

தேயிலை மலையில் நிலைமை தலைகீழானது. பொதுவாக அங்கு வேலை விடிந்த பின்னரே தொடங்குகின்றது. பனிமூட்டத்தில் மகளுக்குக் கம்பளிச் சட்டை அணிவித்துப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட அத்தாய்க்கு வாய்ப்புண்டு. ஆனால், பகல் உணவு வேளையில் மகள் வீடு திரும்பும்போது அம்மா சரிவிலோ தொழிற்சாலையிலோ இருக்கின்றாள். அன்றைய பாடம் புரிந்ததா, வயிறு நிறைந்ததா, தம்பி எங்கே என்று கேட்க மாலைவரை ஆளில்லை.

ஆகவே, ஒவ்வொரு குடும்பமும் முதலில் அறிய வேண்டியது தன்னுடைய வெற்று நேரம் எது என்பதேயாகும். காலையா, பகலா? எத்தனை மணி நேரம்? அந்நேரத்தில் குழந்தைகளுடன் இருப்பவர் வளர்ந்த ஆளா, அல்லது குழந்தையே குழந்தையைப் பார்த்துக் கொள்கின்றதா? கணவனும் மனைவியும் ஒரு மாலையில் அமர்ந்து இதனைக் கணக்கிடுதல் நன்று.

பிறந்தது முதல் ஆறு மாதம்

மகளின் வாழ்வில் முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பாலுக்கு உரியவை. அக்காலத்தில் வேறு உணவோ நீரோ குழந்தைக்குத் தேவையில்லை என்று மருத்துவ உலகம் அறிவுறுத்துகின்றது. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டின் தொழிற்சட்டப்படி நெடுங்காலம் 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு, 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாக உயர்த்தப்பட்டது. மணமான ஆண் தொழிலாளிக்கு, ஓராண்டுப் பணி முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 7 நாள் தந்தையர் விடுப்பும் அன்றுமுதல் நடைமுறைக்கு வந்தது. பேறுகாலப் படி பெறுவதற்கு, பேற்றிற்கு முந்திய 9 மாதங்களில் குறைந்தது 90 நாளாவது அம்முதலாளியிடம் பணி செய்திருத்தல் வேண்டும். ஆதலின், கருவுற்றதை நிர்வாகத்திற்கு முன்கூட்டியே தெரிவித்து, பணிநாள் கணக்கையும் சரிபார்த்து வைத்துக் கொள்ளுதல் அறிவுடைமையாகும்.

98 நாள் என்பது 14 வாரம். ஆறு மாதம் என்பது 26 வாரம். இடையே 12 வாரம் உள்ளது. தாய் வேலைக்குத் திரும்பிய பின்னும் தாய்ப்பால் தொடர வேண்டிய காலம் இது. காலையில் புறப்படுமுன் பாலைப் பீய்ச்சித் தூய்மையான மூடிய பாத்திரத்தில் வைத்தால், குளிர்ச்சியான இடத்தில் 4 மணி நேரம் வரை அதனைப் பயன்படுத்தலாம். வெப்பம் மிகுந்த ரப்பர்த் தோட்டங்களில் குளிர்ப்பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு. பால் புட்டியைவிடக் கழுவுதற்கு எளிய சிறு கிண்ணமும் கரண்டியும் நல்லவை.

இவ்விடத்தில் பழைய வரலாறு ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் நாட்டில் பணியாற்றி, புரதக் குறைவால் குழந்தைகளுக்கு வரும் நோயொன்றை 1930-களில் உலகிற்கு எடுத்துக்காட்டிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் பின்னர் மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிக்கு வந்தார். இனிப்பூட்டிய டின் பாலைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்ற உணவென்று விற்பதைக் கண்டு மனங்கொதித்த அவர், 1939-இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரையில் அதனைக் கொலைக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். தேநீருக்காகச் சமையலறையில் இருக்கும் அந்த டின் பால் கைக்குழந்தையின் வாய்க்கு உரியதன்று. அதில் சர்க்கரை மிகுதி. குழந்தை வளர்வதற்கு வேண்டிய சத்தோ குறைவு.

ஆயாக் கொட்டகையின் அருமை

தாய் வேலைக்குச் செல்லும்போது குழந்தையைப் பார்த்துக் கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பது தோட்ட உலகின் பழைய கோரிக்கையாகும். இலங்கை மலையகத்தில் அவ்விடத்தைப் பிள்ளைமடுவம் என்பர். நம் தோட்டங்களில் அது ஆயாக் கொட்டகை எனப் பெயர் பெற்றது. இந்தியாவில் 1951-இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், 50-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைக்க வகை செய்தது. நம் நாட்டில் 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்போடு குழந்தைக் காப்பகத்திற்கும் குறைந்தபட்ச விதிமுறைகளை வகுத்துள்ளது.

ஆயாக் கொட்டகை என்பது குழந்தைகளை அடைத்து வைக்கும் இடமன்று. தாய்மார் அதனைப் பார்வையிட்டுச் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். தண்ணீர் தூய்மையானதா? தரை உலர்ந்துள்ளதா? கேமரன் மலை போன்ற குளிர் மிகுந்த இடமாயின் குழந்தைகளுக்குப் போர்வை உண்டா? ஆயாவின் கையில் எத்தனை குழந்தைகள்? காய்ச்சல் கண்ட குழந்தையைத் தனியே வைக்க இடமுண்டா? குறை காணப்பட்டால் நிர்வாகத்திடம் எடுத்துரைக்கலாம்; தொழிற்சங்கத்தின் வாயிலாகவும் தொழிலாளர் இலாகாவிடமும் முறையிடலாம்.

தாய்மார் மறத்தலாகாத மற்றொன்றும் உண்டு. மருந்து தெளிக்கும் வேலையைக் கருவுற்ற பெண்டிரும் பாலூட்டும் பெண்டிரும் தவிர்த்தல் வேண்டும். மருந்து புழங்கிய இடத்தில் வேலை செய்தவர் கைகால் கழுவி உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்குதல் வேண்டும். தாயைக் கண்டதும் ஓடிவரும் குழந்தையைச் சற்றுக் காக்க வைப்பது கடினமே. எனினும், அச்சிறு நேரம் குழந்தையின் நலத்திற்காகவே ஆகும்.

மகளுக்கு எப்போது தேநீர்?

தேயிலைத் தோட்டத்திலாயினும் ரப்பர்த் தோட்டத்திலாயினும், காலையில் ரொட்டியைத் தே-ஓவில் தோய்த்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் உண்டு. பசி அடங்கிவிடும், குழந்தையும் அழாது. ஆனால், தேயிலையின் துவர்ப்புச் சத்து, கீரை, பருப்பு, அரிசி போன்றவற்றில் உள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு அதனை உடலில் சேரவிடாமல் தடுக்கின்றது. தென்னாப்பிரிக்காவில் இந்திய மாதரிடையே நடத்தப்பெற்று 1975-இல் வெளியான ஆராய்ச்சியொன்று, உணவுடன் தேநீர் அருந்தும்போது இரும்புச் சத்து உடலில் சேர்வது பெரிதும் குறைவதைக் காட்டியது. அரிசியும் காய்கறியும் உண்ணும் நம் போன்ற மக்களுக்கு அது மிக நெருங்கிய செய்தியாகும்.

இரும்புச் சத்துக் குறைந்தால் இரத்தசோகை வரும். வெளிறிய கண்ணிமை, விரைவில் களைப்பு, பாடத்தில் மனம் பதியாமை ஆகியவை அதன் அறிகுறிகள். வகுப்பில் தூங்கி விழும் சிறுமியைச் சோம்பேறி என்று கடிந்து கொள்ளுமுன், அவள் காலையில் என்ன உண்டாள் என்று வினவுதல் வேண்டும். பருவமெய்திய பெண்ணுக்கு மாதந்தோறும் இரத்த இழப்பு ஏற்படுவதால் இத்தேவை இன்னும் மிகுதியாகின்றது.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. முருங்கைக்கீரை, முட்டை, நெத்திலி, பயறு, ஈரல் ஆகியவற்றில் இரும்புச் சத்து உண்டு. உணவுடன் ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் அச்சத்து நன்கு உடலில் சேரும். சிறு குழந்தைக்குத் தேநீர் வேண்டா. பெரியவர்களும் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ அருந்துதல் நலம். மலைத்தாய் பறித்தனுப்பும் கொழுந்தை மதிப்போம். அதனை அருந்த வேண்டிய வயதையும் வேளையையும் அறிந்து அருந்துவோம்.

வீட்டில் ஒரு சின்னத் தாய்

இனி, இக்கட்டுரையின் முதன்மையான செய்திக்கு வருவோம். தாயின் இடம் காலியாகும்போது அதனை நிரப்ப நம் இல்லங்களில் முதலில் அழைக்கப்படுபவள் மூத்த மகளேயாவாள். தம்பிக்குக் காய்ச்சல் கண்டால் அவள் பள்ளிக்குச் செல்வதில்லை. ஆயா வராத நாளிலும் அவள் செல்வதில்லை. கொழுந்து மிகுதியாக வந்து தாய் விடுப்பு எடுக்க இயலாத நாளிலும் அவளே வீட்டில் இருக்கின்றாள். அண்ணன் மட்டும் புத்தகப் பையுடன் புறப்படுகின்றான்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பத்து வயது மகள், இரண்டு வயது மகன். வாரத்திற்கு ஒரே ஒரு நாள் மகளை வீட்டில் நிறுத்துகின்றனர். ஒரு நாள்தானே என்று தோன்றும். பள்ளி ஆண்டில் ஏறத்தாழ 40 வாரம் உண்டு. எனவே ஆண்டுக்கு 40 நாள் போகின்றது. ஆரம்பப் பள்ளியின் ஆறாண்டுக் காலமும் இவ்வாறே நடந்தால் 240 நாள் ஆகின்றது. அது ஒரு முழுப் பள்ளி ஆண்டைவிட மிகுதியாகும். ஆறாண்டு படித்தாள் என்று நாம் எண்ணிக் கொண்டிருப்போம். அவளோ ஐந்தாண்டுகூடப் படித்திருக்க மாட்டாள். அதுமட்டுமன்று. திங்களன்று பெருக்கலைக் கற்பித்து, செவ்வாயன்று அதனைக் கொண்டே வகுத்தலைத் தொடங்குகின்றார் ஆசிரியர். திங்களைத் தவறவிட்ட சிறுமிக்குச் செவ்வாயும் பயனற்றுப் போகின்றது. பின்னர், "எனக்குப் படிப்பு வரவில்லை" என்று அவளே சொல்கின்றாள். பெற்றோரும் அதனை நம்பி விடுகின்றனர். உண்மையில் அவளுக்குப் படிப்பு வராமல் போகவில்லை. படிப்பு வந்த நாளில் அவள் அங்கு இல்லை.

தோட்டப் பள்ளிகள் எளிதில் கிடைத்தவையல்ல. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பகாங் உள்ளிட்ட அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களில், 7 முதல் 14 வயது வரையிலான ஓரினத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி அமைத்தல் வேண்டும் என்று விதித்தது. அப்பள்ளிகளுள் பல ஒரே ஆசிரியருடன் சிறு கொட்டகையில் நடைபெற்றன. சில வகுப்புகளோடு படிப்பை நிறுத்திக்கொண்ட பெண் பிள்ளைகள் எண்ணற்றோர். இன்று நிலைமை வேறு. 2003 முதல் ஆரம்பக் கல்வி நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால், பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பிள்ளையை வீட்டில் நிறுத்துவதைச் சட்டத்தின் கண் எப்போதும் காண்பதில்லை. அதனைக் காண வேண்டியவர் பெற்றோரேயாவர்.

பள்ளியை இடையில் விடும் மகள் பாடத்தை மட்டும் இழப்பதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, 2010 முதல் இடைநிலைப் பள்ளிகளின் வாயிலாக 13 வயது மாணவியருக்கு இலவசமாகப் போடப்பட்டு வருகின்றது. பள்ளியில் இல்லாத சிறுமிக்கு அவ்வாய்ப்புத் தவறிப் போகக்கூடும். அதுபோலவே, பிறந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதிந்து பத்திரம் பெறாத குழந்தைக்குப் பள்ளியில் சேர்வதிலும், 12 வயதில் அடையாள அட்டை பெறுவதிலும் தொல்லைகள் நேரும். பிறப்புப் பத்திரம் மகளின் முதற் சொத்து என்பதை மறத்தலாகாது.

யார் யார் என்ன செய்யலாம்?

மகள் வீட்டு வேலை கற்றலே கூடாது என்று நாம் கூறவில்லை. தான் உண்ட தட்டைக் கழுவுதல், தம்பியுடன் சிறிது நேரம் விளையாடுதல், அம்மாவுடன் கீரை ஆய்தல் ஆகியவை இன்பமான கல்வியே. அவற்றை மகனும் கற்றல் வேண்டும். ஆனால், உதவி வேறு, பொறுப்பு வேறு. அடுப்பும் கைக்குழந்தையும் வீட்டுச் சாவியும் பத்து வயதுச் சிறுமியின் பொறுப்பாகிவிட்டால் அவளுடைய பிள்ளைப் பருவம் அன்றே முடிந்து விடுகின்றது.

குடும்பத்தின் வெற்று நேரத்தைத் தந்தையும் தாயும் பகிர்ந்து கொள்ளலாம். தாய் அதிகாலையில் காட்டிற்குச் செல்லும் ரப்பர்த் தோட்டத்தில், பின்னர்ப் புறப்படும் தந்தை பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பலாம். மகளின் தலையை வாரிவிடுதல் தந்தைக்கு இழுக்கன்று. தம்பிக்குக் காய்ச்சல் கண்டால் தாய் ஒருமுறை, தந்தை ஒருமுறை என விடுப்பு எடுக்கலாம். ஒரு நாட் சம்பளத்தின் இழப்புக் கண்ணுக்குத் தெரிகின்றது. மகள் இழக்கும் ஒரு நாட் பாடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

லயத்தில் நான்கைந்து தாய்மார் ஒன்று கூடினால், பகலில் திரும்பும் பிள்ளைகளை முறைவைத்து ஒருவர் பார்த்துக் கொள்ளலாம். ஓய்வு பெற்ற பாட்டிமார் இதற்குப் பெருந்துணையாவர். தோட்டத் தலைவர்களும் கோயில் செயற்குழுவினரும் பிள்ளைகள் மாலையில் அமர்ந்து படிக்க, விளக்கு வசதியுள்ள ஓரிடத்தை ஒதுக்கித் தரலாம்.

தமக்கு எழுத்தறிவு போதாது என்று கருதும் தாய்மாரும் மகளின் கல்விக்கு உதவ இயலும். மாலையில் சமைத்துக்கொண்டே, "இன்று பள்ளியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள், எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால் போதும். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது பாடம் மனத்தில் நிலைக்கின்றது. காலையில் எத்தனை கிலோ, மாலையில் எத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு என்று நிறுவைச் சீட்டை மகளின் கையில் கொடுத்துக் கூட்டச் சொல்லலாம். கொழுந்துக்கும் அது பொருந்தும். பாலுக்கும் அது பொருந்தும். தாயின் உழைப்பை மகள் அறிவாள், கணக்கையும் அறிவாள். தாய்மொழியில் வீட்டிற்குள் நிகழும் இத்தகைய உரையாடலே பின்னர்த் தேசிய மொழியையும் பிற மொழிகளையும் கற்பதற்கு அடித்தளமாகின்றது.

கேமரன் மலையின் தேயிலைச் செடியை வளரவிட்டால் மரமாகும். கொழுந்துக்காக நாம் அதனை இடுப்பளவில் வெட்டி நிறுத்துகின்றோம். செடிக்கு அது முறை. மகளுக்கு அது முறையன்று. குடும்பத்தின் தேவைக்காக அவளுடைய வளர்ச்சியை வெட்டி நிறுத்தாமல், அவள் தன் முழு உயரத்திற்கு வளர இடம் அளிப்பது மலைத் தோட்டத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் வாழும் பெற்றோர் அனைவரின் கடமையாகும். வரும் வாரத்தில் ஐந்து பள்ளி நாளும் நம் மகள் வகுப்பில் அமர்ந்திருப்பாளா என்பதை இன்றிரவே வீட்டில் பேசி முடிவு செய்வோமாக.